அவருக்குத் தெரியக் கூடாது

செல்போன் அலறியது.

மனைவி அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்த மறந்தாள். தப்பு செய்கிறவர்கள் எதையாவது ஒன்றை மறந்துதான் தொலைப்பார்கள்.

"மாத்திரை வேலை செய்யலையா டாக்டர்? சரி... வீரியம் கூடினதாவே ஏத்திடுங்க. அவருக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த கணவருக்கு வியர்த்தது. குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிபார்ட்மெண்டில் வைத்த பட்டப்பெயர், மோப்பம்.

அந்த மோப்பத்துக்கு ஒரு மாதமாகவே வாடை அடித்துக்கொண்டிருந்தது.

அவருக்குச் சாதாரண வயிற்றுப்புண் என்றார்கள். அதற்கு எதற்கு லேபிளைக் கிழித்த மாத்திரை டப்பா? ஆஸ்பத்திரிக்குள் நுழைய எதற்குப் பின்வாசல்? டாக்டரிடம் பேச மனைவியும் மச்சினனும் உள்ளே போவார்கள். வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர் வெளியே பெஞ்சில்!

மோப்பம் என்ன லேசுப்பட்டவரா? ஒவ்வொரு மாத்திரையையும் நாக்குக்கடியில் ஒதுக்கி, பால்கனி ரோஜாத் தொட்டியில் துப்பி வந்தார்.

ரோஜா கருகிப்போனது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அதுவும் கட்டின மனைவி... நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள், ஆஸ்பத்திரி அறை.

நர்ஸ் வந்தாள். நீள அங்கி, மூக்குவரை மாஸ்க், கையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை. கம்பியில் தொங்கவிட்ட பையில் மருந்து ரத்தச் சிவப்பாக இருந்தது.

"என்ன மருந்தும்மா இது?"

நர்ஸ் மனைவியைப் பார்த்தாள். மனைவி மச்சினனைப் பார்த்தாள்.

"சத்து மருந்து மாமா," என்றான் மச்சினன்.

"அப்படியா? உடம்புல பட்டுடக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு இவ்வளவு மூடிக்கிட்டு நிக்குது. அது என் நரம்புல ஏறணுமா?"

"ஏங்க, கையை நீட்டுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"உன் பால்கனிப் பேச்சைக் கேட்டுட்டேன். எத்தனை நாளா நடக்குது இந்த விஷ வேலை?"

அவள் முகம் வெளிறியது.

கதவு திறந்தது. டாக்டர்!

"வாய்யா, கூட்டாளி," என்றார் மோப்பம்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "போதும்மா. இனி நான் மறைக்க மாட்டேன். மறைச்சதே தப்பு. சார், வயித்துல குழாய் விட்டுச் சதை எடுத்தோமே... அது புற்றுநோய்."



"உங்களுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவீங்கன்னுதான் முன்வாசல் போர்டைக்கூடக் கண்ணுல காட்டல..." மனைவி விசும்பினாள்.

"ஆபரேஷனுக்கு முன்னால கட்டியைச் சுருக்கணும்," என்றார் டாக்டர். "மாத்திரையில சுருங்கல. அதான் இது. வாந்தி வரும், முடி கொட்டும், மறுபடி முளைக்கும். என்ன வேணாலும் கேளுங்க. வேற டாக்டர்கிட்டயும் காட்டுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒண்ணுதான் புரியல. அந்த மாத்திரைக்கு உள்ளங்கை கொஞ்சமாவது சிவக்கணும். உங்களுக்கு ஏன் ஒண்ணுமே ஆகல?"

"மாத்திரையெல்லாம் ரோஜாத் தொட்டியில இருக்கு டாக்டர்."

டாக்டர் நெற்றியில் அறைந்துகொண்டார். "ஒரு மாசம் போச்சே! நல்லவேளை, கட்டி பரவல. மாத்திரையிலருந்தே ஆரம்பிப்போம். நர்ஸ், பையைக் கழட்டுங்க."

மோப்பம் மனைவியையே பார்த்தார். நியாயமாகப் பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ நிம்மதி. கண் கலங்கிவிட்டது.

"கேன்சர்தானா? நான்கூட நீ என்னைக் கொல்லப் பாக்கறியோன்னு நெனச்சுட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முறைத்தாள்.

"உங்களைக் கொல்ல எனக்கு டாக்டர் எதுக்குங்க? முப்பது வருஷமா சமையல் என் கையிலதானே இருக்கு!"