வடிகால் வாயில் வலை இல்லை

1996 அக்டோபர். விஜயதசமி காலை, 6.40.

துடியலூரில் ரோட்டை விடப் பள்ளத்தில் இருந்த ஐந்து வீட்டு வரிசையில், மூன்றாவது வீட்டுக் கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். உள்ளே இடுப்பளவு சேறு. சேற்றுக்கு மேல் ஒரு தையல் மிஷினின் தலை தெரிந்தது. ஆயுத பூஜைக்குப் போட்ட செவ்வந்தி மாலை அதில் அப்படியே தொங்கியது. மிஷினைக் கட்டிப் பிடித்தபடி ராமாமணி செத்துக் கிடந்தாள். வயது முப்பத்திரண்டு. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவள். தண்ணீர் ஏறியதும் மற்ற நாலு வீட்டாரும் ஓடிவிட்டார்கள். அவளால் ஓட முடியாது என்பது நாலு வீட்டுக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் பாழாய்ப் போன ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை.

7.15. சப்-இன்ஸ்பெக்டர் ஜெரோம் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஸ்டேஷனில் பூஜை போட்ட ஜீப். கான்ஸ்டபிள்கள் அதன் நெற்றியில் அப்பிய சந்தனமும் குங்குமமும் நேற்று மாலை மழையில் கரைந்து, நம்பர் பிளேட் வரைக்கும் சிவப்பாக வழிந்திருந்தன. ஊரெல்லாம் பூஜையில் வைத்ததை மறுபூஜை வரை தொடாது. போலீஸ் ஜீப்புக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

வீடுகளுக்கு மேலே, ரோட்டோரம் சென்னகேசவனின் நாலு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் வடிகாலுக்குப் பக்கத்திலேயே மலையாகக் கிடந்தது. நேற்றைய மழையில் அதில் பாதி கரைந்து வடிகாலுக்குள் போய் அடைத்துக்கொண்டது. போக்கிடம் இல்லாத தண்ணீர் பள்ளத்து வீடுகளில் புகுந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

"வடிகால் வாயில கம்பி வலை போட்டிருந்தமுங்க," என்றார் சென்னகேசவன். மில் முதலாளி. வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. "மண்ணு உள்ள போகாம முன்னால சாக்கு, சாக்கு அடிச்சுட்டுப் போகாம பின்னால வலை. அதைப் பாத்துக்கறதுக்குன்னே அங்கப்பன்னு ஒரு ஆளுங்க. நேத்துக் காலைல இருந்த வலை மழை வரப்போ இல்லீங்க. வித்துப்போட்டான், வேறென்ன?"

"இத்தனை மண்ணை ஏனுங்க இங்கயே குவிச்சீங்க?"

"லாரி வரலீங்க."

7.50. ஜெரோம் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது அங்கப்பன் தானாகவே வந்து சுவரோரம் குந்தியிருந்தான். வாக்குமூலத்தில் கையெழுத்துக்கூடப் போட்டாகிவிட்டது.

ஜெரோம் யாரையும் 'நீ' என்று விசாரிப்பதில்லை. அதனாலேயே ஸ்டேஷனில் அவருக்கு மரியாதை கம்மி.

"எப்பங்க எடுத்தீங்க?"

"நேத்து நாலு மணிக்குங்க. மழைக்கு முன்னால."

"எங்க கொண்டு போனீங்க?"

"ராசப்பன் கடைங்க. பழைய இரும்புக் கடை."

"எடை போட்டாரா?"

"போட்டாருங்க. ஏழு கிலோங்க."

வாசலில் அவன் மனைவி பொற்கொடி நின்றாள். அதே கட்டடத்தில் சித்தாள். கும்பிட்ட கையில் மோதிர விரல் நகம் மஞ்சளாக இருந்தது.

"எங்கூட்டுக்காரரு செய்யலீங்க சார். பொறுக்கின கம்பியில அவரே கட்டின வலைங்க. தினமும் பொழுது சாய மண்ணை வழிச்சுத் தொடச்சு வெப்பாருங்க. அவரு உள்ள போயிட்டா ரெண்டு பொம்பளப் புள்ளைகள வெச்சுட்டு நான் எங்கீங்க போறது?"

"அவர் இல்லைன்னா வேற யாருங்க அம்மணி?"

அவள் கும்பிட்ட கையை இறக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

8.30. ராசப்பன் கடை. மேஜை மேல் தராசு, அதன்மேல் சந்தனம், பக்கத்தில் பொரி, வாழைப்பழம்.

"நேத்து அங்கப்பன் இரும்பு போட்டாரா?"

"நல்லா கேட்டீங்க போங்க! தராசு நேத்துக் காலையிலிருந்து பூசையிலல்லங்க இருக்குது. இனி மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும். நேத்து எடை போட்டிருந்தா ஊரே காறித் துப்பியிருக்குமுங்க."

9.10. கட்டடத்துக்குப் பின்னால் கருவேலம் புதரில் வலை அகப்பட்டது. ஒரு மூலையில் வட்டமாக மஞ்சள், நடுவில் குங்குமம். இப்போதுதான் வைத்தது போல அலுங்காமல் இருந்தது. கம்பிகளின் இடுக்கில் நாலு பொரி. ஜெரோம் கொத்தனார்கள் சாமான் வைக்கும் தகரக் கொட்டகைக்குள் போனார். கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, மண்வெட்டி எல்லாம் பூஜையில் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் மூன்று விரல் சந்தனப் பட்டை. மஞ்சள் எதிலும் இல்லை.

வெளியே வந்து தன் ஜீப்பின் நெற்றியைப் பார்த்தார். "அடக் கடவுளே," என்றார்.

10.05. புருஷனையும் பெண்டாட்டியையும் உட்காரவைத்து, ஜெரோம் கதவைச் சாத்தினார்.

"அங்கப்பன், நீங்க வலையை விக்கல. ராசப்பன் தராசு நேத்துப் பூரா பூஜையில இருந்துச்சு. வலை புதர்ல கிடந்துச்சு, ஆனா மழையில நனையல. என்னோட ஜீப்பைப் பாருங்க, குங்குமம் எங்க வரைக்கும் ஒழுகியிருக்குன்னு. வலையில வெச்சது வெச்சபடி இருக்கு. அப்படீன்னா மழை பேஞ்சப்போ அது கூரைக்கடியில இருந்திருக்கு. பொரி ஒட்டியிருக்கு, அதனால பூஜைக் கொட்டகையில. கொத்தனாருங்க எல்லாத்துக்கும் சந்தனப் பட்டை போட்டிருக்காங்க. இதுக்கு மட்டும் அம்மிக்கு வெக்கிற மாதிரி மஞ்சள் பொட்டு. வீட்டுப் பொம்பளை வெச்சது." ஜெரோம் பொற்கொடி பக்கம் திரும்பினார். "வலையைக் கழட்டினது நீங்கதானுங்களே அம்மணி?"

பொற்கொடி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரு ஆயுதத்தையும் பூசையில வெச்சாங்க. இவரு ஆயுதத்த ஒருத்தரும் கேக்கல. மம்பட்டி மொதலாளிதுங்க. இவருக்குன்னு இருந்தது அந்த வலை ஒண்ணுதானுங்க. எல்லாரும் பொரி வாங்கிட்டுப் போனப்புறம் நானே கழட்டிட்டுப் போயி ஓரமா வெச்சனுங்க. மழ வர்ற மாதிரியே இல்லீங்க, மானம் வெளுப்பா இருந்துச்சுங்க."

"மழை வந்ததும்?"

"ஓடியாந்தனுங்க. வலைகிட்டயே வந்து நின்னுட்டேன். பூசையில வெச்சதுங்க! மறுபூசைக்கு முன்னால எப்படிங்க தொடறது? சாமிக்குத்தம் எம்புள்ளைக மேல எறங்கீருச்சுன்னா? இப்ப நின்னுரும், இப்ப நின்னுரும்னு பாத்துட்டே இருந்தனுங்க." அவள் அழுகை உடைந்தது. "ராமாமணிதானுங்க எம்புள்ளைகளுக்குப் பாவாட தெச்சுக் குடுப்பா. எங்கிட்ட ஒரு காசு வாங்க மாட்டா."

அங்கப்பன் எழுந்து ஜெரோமின் காலுக்குக் குனிந்தான். "ராத்திரி மழை விட்டப்புறம் நாந்தானுங்க எடுத்துப் புதர்ல வீசினேன். எம்பேரே இருக்கட்டுங்க. அப்பன் இல்லாட்டியும் புள்ளைக வளந்துரும். ஆத்தா இல்லாம வளராதுங்க."

ஜெரோம் அவனைத் தூக்கி உட்காரவைத்தார். துப்புத் துலங்கிவிட்டது. துலங்கி என்ன செய்ய?

10.40. இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். "ஐயா, முதல்ல எழுத வேண்டியது மண்ணைக் குவிச்சவர் பேரைங்க. ஒரு மலையை ரோட்டோரம் வெச்சுட்டு மூணு அடி வலையைக் காவல் போட்டிருக்காருங்க."

"சென்னகேசவன் இங்கதான் காப்பி சாப்பிட்டுட்டு இருக்காரு," என்றது மறுமுனை. "ஆளு ஒத்துக்கிட்டான், கையெழுத்து இருக்கு. அப்புறம் என்னய்யா உனக்கு? முடி."

வாக்குமூலத்தை வாபஸ் வாங்கச் சொல்லி ஜெரோம் ஒரு மணி நேரம் கெஞ்சினார். அங்கப்பன் மாட்டேன் என்றான். பன்னிரண்டு மணிக்கு அவனை வேனில் ஏற்றினார்கள்.

மாலை 4.10. மேட்டுப்பாளையம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொற்கொடி மறுபடி ஸ்டேஷன் படியில் நின்றாள். வலை சுவரில் சாய்ந்திருந்தது. அதில் கேஸ் நம்பர் எழுதிய சீட்டைக் கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.

"அவரைப் பாக்க வந்தீங்களா அம்மணி? கூட்டிட்டுப் போயிட்டாங்களே."

"தெரியுமுங்க." அவள் வலையைக் காட்டினாள். "அதைத் தருவீங்களாங்க? மழை வருதுங்க. வடிகால் வாய் தொறந்து கிடக்குது. மண்ணை இன்னும் அள்ளலீங்க."

"கேஸ் முடியற வரைக்கும் தர முடியாதுங்க."

"எத்தன நாளாகுங்க?"

"வருஷக்கணக்கா ஆகும்."

ஜீப்பின் மேல் முதல் தூறல் விழுந்தது. பொற்கொடி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வடிகாலைப் பார்த்து ஓடினாள்.