ரத்தம் படியாத ஸ்க்ரூக்கள்

தலையணை உறையில் சுற்றியிருந்த பழைய லேப்டாப்பை இன்ஸ்பெக்டரம்மாவின் மேசைமேல் வைத்தாள் அக்கா. முந்தாநாள் காலையில்தான் அவளுடைய தங்கையை வீட்டுக்குள்ளேயே இஸ்திரிப்பெட்டியால் அடித்துக் கொன்றிருந்தார்கள். லேப்டாப்பின் அடிப்பக்கம் முழுக்க ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"கட்டிலுக்கு அடியில கிடந்துச்சும்மா. தினமும் காலைல கணக்குப் பாடம் பதிவு பண்ணிப் பிள்ளைங்களுக்கு அனுப்புவா. அன்னிக்கும் கேமரா ஓடியிருக்கும். அவளக் கொன்ன புருஷன் இதுக்குள்ளதான் இருக்கான். ஆனா சுவிட்சப் போட்டா 'டிரைவ் இல்ல'ன்னு வருது."

"கிழட்டு மெஷின். விழுந்த அடில போயிருக்கும்" என்றார் ஏட்டு. "புருஷன்தான் மேடம், சந்தேகமே வேணாம். இன்னும் ரெண்டு தட்டு தட்டினா ஒத்துக்குவான்."

முதல் தட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. லாக்கப்பில் கணவன் கிழிந்த உதட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

இன்ஸ்பெக்டரம்மா லேப்டாப்பைக் கவிழ்த்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏட்டு, அடிப்பக்கமெல்லாம் ரத்தம். ஸ்க்ரூ தலை மட்டும் பளபளன்னு இருக்கே, ஏன்?"

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"ரத்தம் பட்டதுக்கப்புறம் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. மெக்கானிக்கக் கூப்பிடுங்க."

மெக்கானிக் மூடியைத் திறந்தான். பதிவுகளைச் சேமித்து வைக்கும் டிரைவ், விரல் நீளத்தில், ஒழுங்காகவே சொருகியிருந்தது. அதை உருவிப் பார்த்துச் சிரித்தான்.

"முனையில ஒரே ஒரு வெட்டு இருக்கு பாருங்க. இது புது லேப்டாப்புல வர்ற வகை. இந்தப் பழசுக்கு ரெண்டு வெட்டு உள்ளதுதான் ஒத்துவரும். இதையும் சொருகலாம், ஆனா மெஷினுக்குத் தெரியவே தெரியாது."

"புது மெஷின்ல பழச மாட்டினா?"

"அங்கயும் அதே கதைதான்."

மதியம் கணவனையும் அக்காவையும் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு, அந்த லேப்டாப்போடு கொலை நடந்த வீட்டுக்குப் போனார்கள். அதே வீட்டில் இருந்த கணவனுடைய தம்பி ஓடியாடி நாற்காலி போட்டான்; அண்ணனின் உதட்டைப் பார்த்துக் கண்கலங்கினான்.

"தம்பி, ஒரு மெயில் பாக்கணும். உங்க லேப்டாப்பக் குடுங்களேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"புதுசுதான் மேடம், ஆனா முந்தாநாள்லேர்ந்து ரிப்பேர்."

"என்னன்னு வருது?"

"டிரைவ் இல்லன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அவளோட டிரைவை அழிச்சிட்டுத் திருப்பி வைக்கலாம்னு உங்க மெஷின்ல மாட்டுனீங்க. அவளோடதுல இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு உங்களோடத வச்சீங்க. ரெண்டும் வேற வேற வகைன்னு தெரியல. அழிக்க முடியாம முழிச்சிட்டிருந்தப்போ அக்கா வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. சரிதானே?"

அவன் பாய்ந்து மெக்கானிக்கின் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி இன்ஸ்பெக்டரம்மாவின் கழுத்தைக் குறிவைத்துக் குத்தினான். ஏட்டு குறுக்கே கையை நீட்டினார். கம்பி உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. இன்ஸ்பெக்டரம்மா அவன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி மேசையில் இரண்டு முறை மோதினார். பல்லொன்று தெறித்துத் தரையில் உருண்டது.

விலங்கு மாட்டியபின், அவனுடைய லேப்டாப்பிலிருந்த இரண்டு வெட்டு டிரைவைக் கழற்றிப் பழையதில் பொருத்தினான் மெக்கானிக். அது முனகிக்கொண்டே உயிர்பெற்றது.

கடைசிப் பதிவு பதினோரு நிமிடம் ஓடியது. "இன்னொரு தடவ என்மேல கைய வச்சா உங்கண்ணன்கிட்ட சொல்லிடுவேன்" என்றது தங்கையின் குரல். இஸ்திரிப்பெட்டி உயர்ந்தது. கேமரா கவிழ்ந்தது, பிறகு இருட்டும் சத்தமும் மட்டும். ஏழு அடி. நான்காவது அடிவரை அவள் கத்தினாள்.

ஏட்டு கைக்குட்டை சுற்றிய கையோடு கணவனின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கணவன் திரையைப் பார்த்தே கேட்டான்.

அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொன்னா. 'வீட்டுல அடி தாங்க முடியலக்கா'ன்னு போன மாசம் அழுதா. பொறுத்துக்கடின்னு சொல்லி அனுப்பிட்டேன். அடிக்கிறது யாருன்னு நான் கேக்கவே இல்ல."