மூச்சு: இருபது

மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில் ராணுவக் குவார்ட்டர்ஸின் வாசல் கணுக்கால் அளவு சேறாகிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து காலை எட்டரைக்கு வந்தவள் கதவைத் திறந்தாள். உள்ளே, சுவரோரமாக, அவள் கணவனின் பூட்ஸ். அவனுக்கு விடுப்பு அடுத்த மாதம்தான். எல்லையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அந்த பூட்ஸில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

பறந்து வந்திருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பகலில் தூங்குவதற்காக அவளே வாங்கி மாட்டிய கனத்த திரை அறையை இருட்டாக்கியிருந்தது. அவள் கையில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடையை மீறி, ஈர மண்ணும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை கட்டில் பக்கமிருந்து மெல்ல வந்தது. சீருடையைக்கூடக் கழற்றாமல் மல்லாந்து படுத்திருந்தான்.

"எப்ப வந்தீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"இப்பதான்." குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. "படு."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கல்யாணமாகி எட்டு மாதம், வேலையில் சேர்ந்து ஏழு. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு எத்தனை நாளைக்கும்மா? வேலையை விட்டுட்டுக் குடும்பத்தைப் பாரு" என்று மாமியார் போனில் கேட்காத வாரமில்லை. "ரெண்டையும் நான் பாத்துக்கறேன் அத்தை" என்று இவளும் விட்டுக்கொடுக்காத வாரமில்லை. வீம்புக்காரி என்று பெயர் வாங்கியாயிற்று. வாங்கிய பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

பக்கத்தில் படுத்தாள். அவன் உடம்பு சட்டையைத் தாண்டிக் குளிர்ந்தது. பழக்கத்தில் விரல்கள் அவன் மணிக்கட்டுக்குப் போயின. நாடி கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற அலுப்பு, விரல் மரத்திருக்கும்.

மூச்சை எண்ணலாம். எண்ணுவது தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்க்கிற சாக்கில் நெஞ்சைப் பார்க்க வேண்டும். வார்டில் பாதிப் பேர் எண்ணுவதே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நிமிடத்துக்கு 'இருபது' என்று எழுதிவிடுவார்கள். முதல் மாதம் இவளும் எழுதினாள், ஒன்பதாம் கட்டில் பெரியவருக்கு. இன்சார்ஜ் சிஸ்டர் கையைப் பிடித்து இழுத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தினார். "இப்ப எண்ணு." அந்த நெஞ்சு அசையவே இல்லை. "நீ இருபதுன்னு எழுதினா அவர் மூச்சு விட்டுடுவாரா?" அன்றிலிருந்து எண்ணாமல் அவள் எழுதியதில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முழுதாக ஒரு நிமிடம்.

ஒன்றுமில்லை.

இன்னொரு நிமிடம். சீருடையின் பித்தளைப் பொத்தான் அசையவில்லை.

"என்னங்க."

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. சேற்றில் காலடிகள். ஒருவரல்ல, இருவர். குடிவந்த அன்றே பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாள்: "இங்க நல்ல சேதி போன்ல வரும். கெட்ட சேதி ரெண்டு பேரா நடந்து வரும்."

கதவு தட்டப்பட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு அந்தப் பயத்தின் அடியிலிருந்து கோபம் வந்தது. எட்டு மாதத்தில் அவனோடு இருந்தது முப்பத்தாறு நாள். அதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிடுங்கிக்கொள்வார்களாம், இவள் தலையாட்ட வேண்டுமாம். யாரைக் கேட்டு?

மறுபடி தட்டினார்கள்.

பையிலிருந்து டியூட்டி நோட்டை எடுத்தாள். தேதி. மணி எட்டு ஐம்பது. நாடி என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

மூச்சு: 20.

கட்டில் கிறீச்சிட்டது.

நெஞ்சு ஏறியது. இறங்கியது. எண்ணினாள். ஒரே சீராக, நிமிடத்துக்குச் சரியாக இருபது. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. மணிக்கட்டைத் தொட்டாள். நாடி இல்லை.

"நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுதணும் இல்ல?" என்றான் அவன். உதடு அசையவில்லை. "ராத்திரி நீ டியூட்டிக்குப் போயிட்டா யாரு எழுதுவா?"

"நோட்டு என் பையிலதான் இருக்கும்." நோட்டைப் பைக்குள் வைத்தாள். "ரெண்டையும் நான் பாத்துக்கறேன்."

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். சீருடையில் இருவர். மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இளையவர் கையில் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் வெள்ளை எழுத்தில் அவள் கணவனின் ராணுவ எண்.

"அம்மா," என்று தொடங்கினார் மூத்தவர். "மூணு நாள் முன்னாடி ராத்திரி..."

"சத்தம் போடாதீங்க. அவர் தூங்கறார்."

மூத்தவரின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று. வாய் திறந்தபடியே நின்றது. பெட்டி சேற்றில் விழுந்தது. இளையவர் அதை எடுக்கக் குனியவில்லை. ஒரு அடி பின்வாங்கினார். இன்னொரு அடி.

அவள் திரும்பவில்லை.

வெறுங்கால்கள் தரையில் உரசிக்கொண்டு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றன. ஈர மண் வாடை. பிடரியில் மூச்சு பட்டது, ஐஸ் மாதிரி.

மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்று. இரண்டு.