தவளை இல்லாத குளம்

தவளையே இல்லாத குளத்தில் தவளை கத்தியது.

ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். ஓர் உயிரை எடுத்துவிட்டால் குளம் தன்னை எப்படிச் சரிக்கட்டிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்காகக் கடைசித் தவளைவரை வலைபோட்டுப் பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் விட்டு, கரையைச் சுற்றித் தகரமும் அடைத்திருந்தார். மறுபடி கத்தியது. சேற்று வாடையோடு எழும்பி வந்த அந்தக் குரலில், தவளை மூச்சு வாங்கும் இடைவெளி மட்டும் இல்லை.

பயப்பட வேண்டிய மனுஷன் பூரித்துப்போனார்.

"காலி இடத்தைச் சும்மா விடுமா? கெட்டிக்காரக் குளம்!"

கேட்கத்தான் ஆள் இல்லை. ஈ காக்கா எட்டிப் பார்க்காத அந்தக் கரையோரக் குடிலில் அடுப்பும் சுவரும்தான் பேச்சுத்துணை. போனும் எடுக்காது.

தவளை கணக்கெடுப்பவர்கள் கரையில் நின்று தாங்களே தவளைபோலக் கத்துவார்கள். ஒளிந்திருப்பது பதில் கொடுக்கும். இவரும் தினமும் கத்தினார். பதில் வந்தது. ஒரு சாயங்காலம் மனைவி நினைப்பு தாங்காமல், கத்துவதற்குப் பதில், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

குளம் அடங்கியது. விளக்கு வைக்கும் நேரத்தில் தண்ணீரிலிருந்து அவர் குரலே வந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. கதவைத் தாழிட்டார். அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. குளம் ஓயாமல் பேசியது. அவர் தூக்கத்தில் புலம்பியதையும் கற்றுக்கொண்டிருந்தது.

வாரங்கள் போயின. மனைவி வருவதாகச் சொன்ன நாள் நெருங்கியது. வராதே என்று சொல்லியனுப்ப வழியில்லை.

வந்தாள். ஜீப் அவளை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. அந்தி. டார்ச் வெளிச்சம்.

"ஏங்க! தவளைக்கு வாழ்க்கைப்பட்டவ வந்திருக்கேன், எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா. கரைக்கு வா," என்றது குளம்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினார். "போகாத! அது நான் இல்ல!"

பேசாத தொண்டை. யாருடையதோ போலக் கரகரத்தது.

"அது நான் இல்லம்மா," என்றது குளம், பரிவாக. "என்கிட்ட ஓடி வந்துடு."

டார்ச் அவர்மேல் திரும்பியது. தாடி. பரட்டை. சிவந்த கண்கள்.

அலறினாள். ஓடினாள். தகரம் சாய்ந்தது.

தண்ணீரில் சத்தமே இல்லை.

கரையில் விழுந்து பார்த்தார். குளத்தடியில் அந்த வெளிச்சம் அணையாமல் மெல்ல நடந்துபோய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் குரல் ஏதோ சொன்னது.

அவள் சிரித்தாள்.