முப்பது விநாடி மௌனம்

படத்தின் இருபத்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி அடித்தது. ஆறு முறை. அந்த இடத்தில் மணியே கிடையாது.

நான் ஆவணப்படங்களுக்கு ஒலி தொகுப்பவன். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், மூன்றாவது மாடியில், ஜன்னலைப் பஞ்சு அட்டையால் அடைத்த ஓர் அறைதான் என் ஸ்டுடியோ. காலை பதினொரு மணிக்கும் உள்ளே இருட்டுதான். மாலை ஐந்துக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும்.

படத்தின் ஒலி பல அடுக்குகளாக இருக்கும். பேச்சு ஓர் அடுக்கில், இசை ஓர் அடுக்கில், காற்று இன்னொன்றில். வேண்டாத சத்தம் கேட்டால் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வர வேண்டும். எதை அணைக்கும்போது சத்தம் நிற்கிறதோ, கோளாறு அதில்தான். பதினான்கு அடுக்குகளையும் அணைத்தேன்.

மணி அடித்தது.

திரையில் ஒலியைக் காட்டும் கோடு தட்டையாகக் கிடந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

மறுபடியும் அடித்தது. என் இடது தோளுக்குப் பின்னால்.

கூடவே மண்ணெண்ணெய் வாடை.

படத்தின் அந்த இடத்தில் நான் என்ன செய்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் கூசுகிறது.

படம், 1971 போரின்போது நடந்த ஒரு மர்மத்தைப் பற்றியது. ராணுவத் தளவாடங்கள் ஏற்றிவந்த ரயிலை, ஒரு சின்ன ஸ்டேஷனில் தேவசகாயம் என்ற துணை ஸ்டேஷன் மாஸ்டர் பதினோரு நிமிடம் நிறுத்திவைத்தார். விசாரணையில் அவர் சொன்ன காரணத்தை யாரும் ஏற்கவில்லை. வேலை போனது. ‘துரோகமா, கோழைத்தனமா?’ என்று எங்கள் படம் கேட்கிறது.

அவர் மகள் எலிசபெத் மல்லாபூரில் இருக்கிறார். தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேட்டிக்குப் போனபோது, “டீ நக்கோ, வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி, கேமராவுக்கும் சேர்த்துதான் போட்டிருக்கேன்” என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“கைக்கு, ஏன் நிறுத்துனேன்னு ஊரே கேட்டுச்சு. அடுத்த ஸ்டேஷன்லருந்து ஆறு வாட்டி மணி வந்துச்சு, நிறுத்துனேன்னு அப்பா சொன்னார். அங்க இருந்தவரு, நான் அடிக்கவே இல்லைன்னுட்டார். அவ்ளோதான்.”

அந்த மணி எப்படி வேலை செய்யும் என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு கம்பி. இங்கே குமிழை அழுத்தினால் அங்கே மணி அடிக்கும். இரண்டு அடித்தால், பாதை காலியா என்று கேள்வி. ஆறு அடித்தால், ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து. நான்கு அடித்தால், தடை நீங்கியது. கேட்டவர் பதில் தரும்வரை அடித்தவர் விடமாட்டார்.

“அப்பா வெளிய போனாலே பசங்க ஜாசூஸ், ஜாசூஸ்னு கத்துவானுங்க. ஒற்றன்னு. சாகற வரைக்கும் வீட்டுக்குள்ளயே இருந்தார். இத மட்டும் வெட்டிடாதீங்க தம்பி.”

“வெட்ட மாட்டேன்க்கா” என்றேன்.

வெட்டினேன்.

இயக்குநர் பத்மப்ரியா தயங்கத்தான் செய்தாள். ‘காரணம் தெரிஞ்சுட்டா அப்புறம் மர்மம் எங்க இருக்கு?’ என்று கேட்டவன் நான். எந்தப் பொருளையும் பிரித்து, அது எப்படி ஓடுகிறது என்று நாலு பேருக்கு விளக்காமல் தூங்காதவன்.

வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் காது கண்டுபிடித்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் எல்லோரும் முப்பது விநாடி அசையாமல் இருந்து, அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்வோம். ஃபேன், தூரத்து லாரி, மூச்சு. எலிசபெத் அக்காவும் மடியில் கைவைத்து, எங்களை நம்பி உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தை எடுத்துத்தான் அவர் பேச்சு இருந்த இடத்தை அடைத்திருந்தேன்.

இப்போது அதை அழித்துவிட்டு, வேறு வீட்டின் மௌனத்தை வைத்தேன்.

மணி அடித்தது.

கம்ப்யூட்டரையே அணைத்தேன். இருட்டில் இப்போது அது நிற்கவில்லை. ஆறு. சற்று இடைவெளி. ஆறு. ஸ்டேஷன் கைவிளக்கின் மண்ணெண்ணெய் வாடை தொண்டையில் இறங்கியது. என் காதோரம் யாரோ குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மிரட்டுகிறவரைப் போல அல்ல. பதிலுக்குக் காத்திருப்பவரைப் போல.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் ஒரு காரணம். எந்த முகத்தோடு பார்ப்பது என்பது இன்னொன்று.

பத்மப்ரியாவுக்குப் போன் செய்தேன்.

“எலிசபெத் அக்கா பேசின அந்த இருபத்தெட்டு விநாடியைத் திரும்ப வெக்கறேன். துரோகமாங்கிற கேள்வியையும் எடுத்துடறேன்.”

“படம் அங்கயே படுத்துடும்னு நீதானப்பா சொன்னே?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

“அஞ்சு மணிக்குள்ள அனுப்பு” என்றாள்.

கம்ப்யூட்டரைப் போட்டு, வெட்டியதை வைத்தேன். ‘ஆறு வாட்டி மணி வந்துச்சு, நிறுத்துனேன்னு அப்பா சொன்னார்.’ அக்காவின் குரல் அறையை நிறைத்தது. மணி இல்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. காதோரம் நின்றவரும் நகரவில்லை.

மிச்சம் என்னவென்று புரிந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எலிசபெத் அக்காவை அழைத்தேன்.

“அக்கா, நீங்க சொன்னதை வெட்டிட்டேன். வாக்குக் கொடுத்துட்டு வெட்டினேன். இப்ப திரும்ப வெச்சுட்டேன். மன்னிச்சுடுங்க.”

மறுமுனையில் ஃபேன் ஓடும் சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த அதே ஃபேன்.

“தம்பி,” என்றார் மெதுவாக. “உங்க பக்கம் ஏதோ மணி அடிக்குதே?”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. “எத்தனை தடவைக்கா?”

அவர் எண்ணினார். குரல் உடைந்தது.

“நாலு.”

இதே கோளாறு வேறு யாருக்காவது வந்தால், ஹெட்போனையும் வயரையும் மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெட்டியதை வெட்டிய இடத்திலேயே திரும்ப வையுங்கள். யாருடைய பேச்சை வெட்டினீர்களோ அவரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். நான்கு முறை அடிக்கும். பிறகு நின்றுவிடும்.