பல் பதிந்த கொலுசு

"காலை ஆட்டாதேடி!" என்றாள் அம்மா.

என் தங்கை ஸ்நேகா இன்னும் வேகமாக ஆட்டினாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

அவளுடைய இடது கால் கொலுசின் கொக்கி அடிக்கடி இளகிவிடும். அம்மா கட்டிலின் அருகில் உட்கார்ந்து, அவள் காலை முகத்துக்கு நேராகத் தூக்கி, கொக்கியைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"சீ, உப்புக் கரிக்குது! காலைக் கழுவினியா இல்லையா?"

ஸ்நேகா கிளுகிளுவென்று சிரித்தாள். அம்மா குடையை எடுத்துக்கொண்டு தம்பானூரில் உள்ள அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அன்று மதியம் அங்கேயே அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. பிறகு அம்மா இல்லை.

ஒரு வருடம் போயிற்று. அப்பா தோசை சுடக் கற்றுக்கொண்டார். நான் இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் எங்கள் செம்பருத்தித் தொட்டியைச் சுற்றி ஏகப்பட்ட எறும்புகள். ஒளிந்திருந்து பார்த்தேன். ஸ்நேகா தன் டம்ளர் பாலை மெதுவாகச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"செடிக்குப் பசிக்குது."

"பொய்!"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "பால் குடிச்சா கால் பெரிசாகும். கால் பெரிசானா கொலுசைக் கழட்டணும்னு அப்பா சொன்னாங்க."

குனிந்து பார்த்தேன். கொலுசு இறுக்கி, கணுக்காலில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"அசடு! கழட்டினா என்ன? புதுசு வாங்கலாமே!"

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சனிக்கிழமை அப்பா எங்களைக் கூட்டிப் போனார். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, சாலைக்கடைத் தெருவுக்குள் நடந்தோம். தாணுமாலையன் மாமாவின் வெள்ளிக் கடை அங்கேதான்.

அப்பாவுக்கு வெள்ளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேராக மின்னுகிற தட்டைக் காட்டினார். "அதை எடுங்க அண்ணாச்சி. பளபளன்னு இருக்கே."

"சாரே, அது ஜெர்மன் சில்வர். பேர்லதான் வெள்ளி. உள்ள செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். டான்ஸ் ஆடுற பிள்ளைங்க வாங்குவாங்க."

"அப்ப இது?"

"அது முலாம். செம்புக்கு வெள்ளியில சட்டை போட்டிருக்கு. ஆறு மாசத்துல சட்டை கிழிஞ்சிரும்."

"கிழிஞ்சா தைக்க முடியாதா?" என்று ஸ்நேகா கேட்டாள். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

மூன்றாவது தட்டிலிருந்து ஒரு கொலுசை எடுத்து என் கையில் கொடுத்தார். கொக்கிக்குப் பக்கத்தில் 925 என்று பொடி எழுத்தில் முத்திரை இருந்தது.

"ஆயிரம் பங்குல தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு பங்கு வெள்ளி. மிச்சம் செம்பு."

"ஆயிரமும் வெள்ளியா இருந்தா இன்னும் நல்லதுதானே மாமா?"

"கேள்வியைப் பாரு! சுத்த வெள்ளி மெத்துன்னு இருக்கும் மக்களே. ஓடுற காலுல வளைஞ்சிரும். கொஞ்சம் செம்பு சேர்ந்தாத்தான் நிக்கும்."

பிறகு பழைய கொலுசைக் கேட்டார். ஸ்நேகா இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். அப்பா கெஞ்சி, கொஞ்சி, சோப்புத் தண்ணீர் தடவிக் கழற்றுவதற்குள் வியர்த்துவிட்டார்.

மாமா அதை உரைகல்லில் உரசினார். ஒரு சொட்டு மருந்து விட்டார். புருவத்தை உயர்த்தினார்.

"சாரே, இது சுத்த வெள்ளியாக்கும்! யாரு செய்யச் சொன்னது?"

"இதுங்க அம்மாதான். ரெண்டு பேரும் குழந்தையில பால் குடிச்ச வெள்ளிச் சங்கை உருக்கிச் செய்யச் சொன்னா."

"அதான் கொக்கி இளகிருக்கு. சரி, இதையும் உருக்கிட்டு, புதுசோட விலையில கழிச்சுக்கிடலாம்."

"உருக்கினா என்ன ஆகும்?" ஸ்நேகாவின் குரல் சின்னதாக வந்தது.

"தண்ணி மாதிரி ஆயிரும் மோளே."

"அப்ப அம்மா கடிச்சது?"

யாருக்கும் புரியவில்லை. அவள் இடது கொலுசின் கொக்கியைத் தொட்டுக் காட்டினாள். மாமா தன் லென்ஸை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

கொக்கியில் இரண்டு சின்னப் பள்ளங்கள். அம்மாவின் பல் தடம்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஸ்நேகா பாலைச் செடிக்கு ஊற்றியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளை அசடு என்று சொன்னேனே!

தலையைக் குனிந்துகொண்டேன். என் பாவாடையின் ஓரம் கண்ணில் பட்டது. வளர்ந்தால் பிரித்து விடலாம் என்று அம்மா உள்ளே மடித்துத் தைத்திருந்த பாவாடை. போன வாரம்தான் அப்பா பிரித்து விட்டார், கொஞ்சம் கோணலாக. பழைய மடிப்பு ஒரு கோடாகத் தெரிந்தது.

"மாமா, உருக்க வேண்டாம். பாவாடையை நீட்டுற மாதிரி கொலுசையும் நீட்ட முடியுமா? நடுவுல ரெண்டு கண்ணி சேர்த்து?"

மாமா தாடையைச் சொறிந்தார். "சேர்க்கலாம். ஆனா 925லதான் போடணும், அதுதான் உறுதி. அது சீக்கிரம் கறுக்கும். ஒட்டுப் போட்டது தனியாத் தெரியுமே?"

"தெரியட்டும் மாமா. எது அம்மா செஞ்சது, எது நாங்க சேர்த்ததுன்னு தெரியும்ல?"

"கொக்கி மறுபடி இளகுமே?"

"பக்கத்துல புதுசா ஒரு கொக்கி வச்சுடுங்க. பழையது சும்மா தொங்கட்டும்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார்.

"அப்ப குத்தாம இருக்க முனையை மட்டும் மடக்கி விடுதேன். மத்ததைத் தொட மாட்டேன், போதுமா?" என்று மாமா ஸ்நேகாவிடம் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "நான் பக்கத்துல நின்னு பாப்பேன்" என்றாள். வேலை முடியும்வரை நின்று பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவள் இரண்டு டம்ளர் பால் குடித்தாள். செம்பருத்திக்கு வெறும் தண்ணீர்தான்.

ஸ்நேகா இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒவ்வொரு கொலுசிலும் பத்துக் கண்ணிகள் சேர்த்தாகிவிட்டது. அவை மாமா சொன்னபடியே சீக்கிரம் கறுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பல்பொடி போட்டுத் தேய்ப்போம். யார் தேய்ப்பது என்று சண்டையும் போடுவோம்.

பழைய கொக்கியை மட்டும் தேய்ப்பதில்லை. அதில் இரண்டு பல் தடங்கள் அப்படியே இருக்கின்றன.