ஏரிக்கரைப் பனியில் இரண்டு பலகைகள்

"நாளைக்குப் பெரும் புயல் வருது மச்சான். துணிவிருந்தா வந்து பார்!"

சேந்தன் அனுப்பிய இந்த ஒரு வரி போதும். துவாரகன் அன்று பின்னேரமே பையைத் தூக்கிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து வடக்கே பஸ் ஏறிவிட்டான்.

இருவரும் மச்சான்மார். இருவருக்கும் ஒரே பைத்தியம், பனி! மற்றப் பொடியன்கள் கிரிக்கெட் பார்க்கும் நேரத்தில் இவர்கள் காற்றழுத்தப் படத்தை வெறித்துக்கொண்டிருப்பார்கள். இதே பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவும் நடத்தினார்கள். ஒரே புயலில் அதிகப் பனியை அளந்து காட்டுகிறவருக்கு அந்த வருடம் முழுக்கப் 'பனி ராசா' என்று பட்டம். இதுவரை ராசா சேந்தன்தான். வேறு யார் வருவது? அவன் வீடு ஹூரன் ஏரிக்கரையில். ஏரிக்காற்று அவன் முற்றத்தில் உலர்ந்த பஞ்சுப் பனியை அள்ளி அள்ளிக் கொட்டும். அதே புயல் துவாரகனின் தெருவுக்கு வரும்போது பாதி மழையாகிச் சொதசொதவென்று ஈரமாய் விழும்.

"உங்கட ஊரில விழுறது பனியில்லையடா, கஞ்சி!" என்பான் சேந்தன்.

துவாரகனுக்கு வயிறு பற்றி எரியும். தனக்கென்று வைத்த சோற்றைக் கண்ணுக்கு முன்னாலேயே இன்னொருவன் உண்பதைப் போலிருக்கும். அதுமட்டுமல்ல, அவனுக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. பனியை ஒரு வெள்ளைப் பலகையில் விழவிட்டுத்தான் அளப்பார்கள். அளந்த பிறகே பலகையைத் துடைக்க வேண்டும். இடையிடையே களவாகத் துடைத்து, துடைத்ததையெல்லாம் கூட்டிச் சொன்னால் அளவு ஏறிவிடும். ஏனென்றால் விழுந்த பனி தன் பாரத்தாலேயே அமுங்கும். 'இவன் அப்படித்தான் வெல்கிறான்!' என்று துவாரகன் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தான். ஒரு முறை, ஒரேயொரு முறை, அவனை வெல்ல வேண்டும். அதற்காக எதையும் செய்யத் தயார்!

மறுநாள் விடிந்ததும் மூவர் புறப்பட்டார்கள். மூன்றாவது ஆள் சேந்தனின் அக்கா ஆரணி. தாதியாக வேலை செய்பவள். இந்த இரண்டு விசரன்களையும் தனியே விட்டால் வீடு திரும்பமாட்டார்கள் என்று கூட வந்தாள். வீதி முடிந்த இடத்தில் காரை விட்டார்கள். தட்டையான பனிச்சப்பாத்துகளைக் காலில் கட்டி, சாமான்களைச் சறுக்கு வண்டிலில் ஏற்றி, காட்டுக்குள் நடந்தார்கள். ஏரிக்குள் நீண்டு கிடக்கும் முனையில் ஒரு மரக்குடில். புயலின் முழு அடியும் அங்கேதான் விழும்.

"உன்ர பலகையை எங்க வைக்கப்போறாய்?" என்றான் சேந்தன்.

"உனக்கேன் சொல்லவேணும்?"

சேந்தன் தன் பலகையைக் குடிலுக்கு இடப்பக்கம் வெட்டவெளியில் வைத்தான். துவாரகன் வலப்பக்கம், உயர்ந்த ஊசியிலை மரங்களுக்கு நடுவே வைத்தான். காற்று அடித்துக்கொண்டு போகாது என்பது அவன் கணக்கு.

புயல் வந்தது! ஏரி மறைந்தது, மரங்கள் மறைந்தன, நீட்டிய கைகூட மறைந்தது. மெத்தென்ற உலர்பனி! இருவரும் பகையை மறந்து வாயைத் திறந்து பனியைத் தின்றார்கள். மத்தியானம் மூவரும் சேர்ந்து போய் அளந்தார்கள்.

ஆரணி குனிந்து பார்த்தாள். "துவாரகன்தான் முன்னுக்கு. ஒரு விரல் அகலம்!"

துவாரகன் குதித்த குதியில் ஒரு கால் இடுப்பளவு புதைந்தது. சேந்தனின் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு காற்று திசை மாறியது. குளிர் குறைந்தது. பஞ்சாய் விழுந்த பனி ஈரமாகி, பட்ட இடத்தில் அப்பிக்கொண்டது. ஆரணி அடுப்பருகே கண்ணயர்ந்துவிட்டாள். அப்போதுதான் துவாரகன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தான். சேந்தன் சத்தமில்லாமல் கதவைத் திறந்து வெளியே போகிறான். கையில் கூட்டுகிற தும்புத்தடி!

'அகப்பட்டான்! பலகையைக் கூட்டத்தான் போகிறான்!'

ஆரணியை எழுப்பலாம் என்று வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான். திரும்பி வரும்போது கையும் களவுமாகப் பிடித்தால் அல்லவா ருசி! தேநீர் ஊற்றிக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான். என்ன சொல்லிக் கிழிக்க வேண்டும் என்று வசனம்கூடத் தயார். தேநீர் முடிந்தது. கதவு திறக்கவில்லை. வெளியே எங்கோ 'சடார்' என்று ஒரு சத்தம் முன்பு கேட்டதே, அது என்ன?

துவாரகன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். அவன் தெருவில் ஒவ்வொரு வருடமும் கேட்கும் சத்தம் அது. ஈரப்பனியின் பாரத்தில் மரக்கொப்பு முறியும் சத்தம்!

"மச்சாள்! எழும்புங்கோ! சேந்தன் வெளியில போயிட்டான், இன்னும் வரேல்ல!"

"என்னது? எப்ப போனவன்?"

துவாரகன் மூலைக்குப் பாய்ந்து கயிற்றுச் சுருளை எடுத்தான். கதவுத் தூணில் கயிற்றைக் கட்டினான், மறுநுனியை இருவர் இடுப்பிலும் சுற்றினான். ஆரணி பனி அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டாள். "கயிறை மட்டும் விட்டிடாதேங்கோ!"

காற்று ஆளைப் பிடித்துத் தள்ளியது. ஆனால் ஈரப்பனியில் பதிந்த கால்தடம் இலேசில் கலையாது. துவாரகன் தவழ்ந்து தடவிப் பார்த்தான். தடம் இடப்பக்கம் போகவில்லை. வலப்பக்கம் போயிருந்தது!

'என்ர பலகையைக் கெடுக்கவா போனவன்? பாவி!' அந்த நேரத்திலும் பொறாமை அவனை விடவில்லை. ஆத்திரத்தோடு முன்னேறியவன் எதிலோ தடுக்கி விழுந்தான். தும்புத்தடி! அதற்கு அப்பால் முறிந்து கிடந்த பெரிய கொப்பு. அதன் கீழே பனிக் குவியலுக்கு வெளியே ஒரு கையுறை, அதற்குள் அசையும் விரல்கள்!

"தம்பி!" என்று அலறிய ஆரணி, சவளால் பனியை வாரி எறியப் பார்த்தாள். சீமெந்தைப் போல் கனத்த பனி அசையவில்லை.

"அள்ளாதேங்கோ மச்சாள், வெட்டுங்கோ! தட்டில தொதல் வெட்டுற மாதிரித் துண்டு துண்டா வெட்டித் தள்ளுங்கோ! முதல்ல முகம்!"

முகம் தெரிந்தது. நீலம் பாய்ந்த உதடுகள். "கால்... கால் மாட்டிப்போச்சு..."

தலைக்கு மேலே 'கிரீச்' என்றது. துவாரகன் நிமிர்ந்து பார்த்தான். இன்னொரு கொப்பு பனி சுமந்து வளைந்து நின்றது!

"விழப்போகுது! நான் தூக்கிறன், நீங்கள் இழுங்கோ! இழுங்கோ!"

கொப்பின் அடியில் தோளைக் கொடுத்து எழும்பினான். எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது. ஆரணி தம்பியை உருவி இழுத்தாள். மூவரும் உருண்டு விலகினார்கள். அடுத்த கணம் மேற்கொப்பு 'சடசட'வென்று இறங்கி, துவாரகனின் பலகையைச் சில்லுச் சில்லாக்கியது.

குடிலில் காலுக்குக் கட்டுப் போட்டபடியே ஆரணி தம்பியை ஏசித் தீர்த்தாள். "ஏன்டா, அங்க உனக்கென்ன வேலை?"

"பனி கொஞ்சம் விலகேக்க யன்னலால கண்டனான், இவன்ர பலகைக்கு மேல கொப்பு சரிஞ்சு நிண்டதக்கா. பனி விழ விடேல்ல. தட்டிவிடுவம் எண்டு போனனான். எங்கட பனி எண்டா ஒரு தட்டில உதிரும். இது கொப்போட முறிஞ்சு தலையில வந்திட்டுது."

"என்ர பலகைக்கா? நீயா? ஏன்?" என்றான் துவாரகன்.

"பின்ன? கொப்பு மறைச்சுத்தான் தோத்தனான் எண்டு வருஷம் முழுக்கப் புலம்புவாயெடா! உன்னை வெண்டா ஒழுங்கா வெல்லவேணும்."

துவாரகன் தரையைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

புயல் தணிந்ததும், வீதிவரை கொண்டுவந்தால் மீட்பு வண்டி நிற்கும் என்று மீட்புக் குழுவினர் தொலைபேசியில் சொன்னார்கள். சேந்தனை வண்டிலில் கிடத்தி, ஆரணி முன்னால் வழி மிதிக்க, துவாரகன் இழுத்தான். பாதி வழியில் அவனால் பொறுக்க முடியவில்லை.

"மச்சான், நீ போனதை நான் பாத்தனான். களவுக்குப் போறாய் எண்டு நினைச்சு, பிடிக்கவேணும் எண்டு சும்மா இருந்திட்டன். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு."

வண்டில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. சேந்தன் தலையை உயர்த்தினான்.

"முழுக் கோப்பையுமோ?"

"ஓம்."

"நாசமாப் போவான்! அப்ப இன்னும் வேகமா இழு!"

துவாரகன் மூச்சு வாங்க இழுத்தான். திட்டு விழுந்ததில் மனதின் பாரம் பாதி இறங்கியிருந்தது. மீதியை அவனேதான் சுமக்க வேண்டும், அதுவும் நியாயம்தான். வீதியில் மீட்புப் பணியாளர்கள் கைதட்டி வரவேற்றார்கள். இந்தக் கனத்த பனிக்குள்ளிருந்து உயிரோடு எடுத்தது பெரிய காரியம், யாருக்கு இதைக் கையாளத் தெரிந்தது என்று ஒருவர் வியந்தார்.

படுத்திருந்த சேந்தன் துவாரகனைக் காட்டினான். "இவன்தான். இவன்ர ஊரில வருஷாவருஷம் இதுதான் விழும். குடுத்துவைச்சவன்!"

அந்தக் குரலில் பொறாமை இருந்தது. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. அது எங்கே எப்படிச் சுடும் என்று துவாரகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் வண்டியில் ஏறி, சேந்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை அவன் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டான்.